கல்லின் கீழ்ப் பாதி

கதை எழுதுகிறவனுக்கு வாய்க்காத ஒரு சௌகரியம் புகைப்படம் எடுக்கிறவனுக்கு உண்டு. தன் படத்தைப் பார்க்கிறவரின் முகத்தை அவன் எதிரே உட்கார்ந்து பார்க்கலாம். கதை அப்படியல்ல. பத்திரிகையில் வந்த கதையை எந்த ஊரிலோ யாரோ ஒருவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்துகொண்டு படிக்கிறார். எந்த வரியில் அவருக்குக் கொட்டாவி வந்தது, எந்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தார் என்பது நமக்குத் தெரியப் போவதில்லை. எப்போதாவது ஒரு கடிதம் வரும். 'கதை பிரமாதம்' என்று இருக்கும். அல்லது 'கதாநாயகியைச் சாகடித்திருக்க வேண்டாம்' என்று இருக்கும். முதலாவது சந்தோஷம் தரும். இரண்டாவது இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்த கதையை எழுத முடியாது.

ஏழெட்டு வருஷங்களுக்கு முன்பு ஒரு காமிரா வாங்கினேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நாவல் ஒன்று நடுவழியில் படுத்துக்கொண்டது. கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் தேவலை என்று தோன்றியது. நாவல் பிறகு எழுந்து நடந்துவிட்டது. காமிரா மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. அது என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் திருவல்லிக்கேணியில் ஒரு நண்பர் வீட்டு மாடி. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆறு பேர் கூடுகிறோம். சங்கம் என்று பெயர் வைக்கவில்லை. வைத்தால் தலைவர், செயலாளர், ஆண்டு விழா, பொன்னாடை எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

வீட்டுக்கார நண்பர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கும் அம்மாள் ஒருவர். பறவைகளைத் தவிர வேறு எதையும் படம் எடுக்காத ஒரு நர்ஸ். லென்ஸுகளைப் பற்றிச் சகலமும் அறிந்த ஓர் இளம் என்ஜினீயர். இவர்களோடு, கும்பகோணம் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் நாற்பது வருஷம் ஸ்டூடியோ நடத்திவிட்டு, இப்போது மகன் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர். வயது எழுபத்தைந்துக்கு மேல். எங்கள் எல்லோருக்கும் அவர் 'பெரியவர்'. அவருக்கு நாங்கள் எல்லோரும் 'தம்பி', 'பாப்பா'.

சட்டங்கள் இரண்டே இரண்டு. படத்தைக் காகிதத்தில் அச்சுப்போட்டுக் கொண்டுவர வேண்டும். செல்போனை நீட்டக் கூடாது. இது முதல் சட்டம். படம் எடுத்தவர், மற்ற ஐந்து பேரும் பேசி முடிக்கிற வரையில் வாயைத் திறக்கக் கூடாது. இது இரண்டாவது சட்டம். முதல் சட்டத்தின் அருமை செலவு செய்து பார்த்தால்தான் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் அச்சுப்போடக் காசு கொடுக்கிறவன், எந்தப் படத்துக்குக் கொடுக்கலாம் என்று நாலு தரம் யோசிப்பான். இரண்டாவது சட்டம் பிராண சங்கடம். நம் படத்தை ஒருவர் தலைகீழாகப் புரிந்துகொண்டு பேசிக்கொண்டு போவார். 'அது அப்படியில்லை, அன்றைக்கு மழை வந்துவிட்டது, அந்த ஆள் விலக மாட்டேன் என்றான்' என்றெல்லாம் நாக்கின் நுனி வரை வரும். விழுங்க வேண்டும். நாம் சொல்ல வந்தது காகிதத்தில் இல்லாவிட்டால் உலகத்தில் எங்கேயும் இல்லை என்பதுதான் அந்தச் சட்டத்தின் தாத்பரியம். எழுத்தாளனுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் எதிரே ஐந்து பேர் காபி குடித்துக்கொண்டு அதை நிரூபிக்கும்போது ஏற்படுகிற உஷ்ணம் தனி.

இப்படிப்பட்ட சபைக்குத்தான் பழவேற்காட்டுக் கல்லறைகளைக் கொண்டுபோனேன்.

சென்னைக்கு வடக்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. பொன்னேரி வரையில் மின்சார ரயில், அங்கிருந்து பஸ். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. உவர்நீர் ஏரிகளில், இந்தியாவில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். இறாலும் நண்டும் மீனும் ஊருக்குச் சோறு போடுகின்றன. பனை ஓலையில் கூடையும் பெட்டியும் முடைகிற பெண்களின் கைவேலை சென்னைக் கடைகள் வரையில் வருகிறது. இந்த ஊரைக் கடந்து போகிற ஒருவரிடம், ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை முழுவதிலும் டச்சுக்காரர்களுக்கு இதுதான் தலைநகரம் என்று சொன்னால் நம்பமாட்டார்.

ஆனால் அது வாஸ்தவம். 1610-ஐ ஒட்டி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே காலூன்றியது. 1613-இல் கெல்த்ரியா என்ற கோட்டை எழுந்தது. ஆங்கிலேயர் மதராஸ் மணல்வெளியில் இடம் வாங்கியது 1639-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், பழவேற்காடு எத்தனை மூத்தது என்று தெரியும். இங்கிருந்து துணி போயிற்று. இங்கே வெடிமருந்து செய்தார்கள். 1690-இல் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781-இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1825-இல் பழவேற்காடும் போயிற்று. கோட்டை இருந்த இடம் இன்று முள்ளும் புதருமாக இருக்கிறது. உயிரோடு இருந்தவர்களின் கோட்டை போய்விட்டது. செத்தவர்களின் இடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் பூட்டும் சாவியுமாகச் சௌக்கியமாக இருக்கிறது.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. ஒன்றின் தலைமேல் மணல் கடிகாரம். நம் கோயில் வாசலில் துவாரபாலகர்கள் நிற்கிற மாதிரி என்று முதல் பார்வையில் எனக்குத் தோன்றியது. உள்ளே போனால் செங்கல் மேடைகள். அவற்றின்மேல் கிடத்திய பெரிய பெரிய கருங்கற்பலகைகள். குடும்பச் சின்னம், கேடயம், மண்டையோடு, அதன் கீழே வரிசை வரிசையாக எழுத்துகள். எழுத்தைக் கல்லில் பள்ளமாக வெட்டவில்லை; சுற்றியுள்ள கல்லைக் கொத்தி எடுத்துவிட்டு எழுத்து மேலே எழும்பி நிற்கும்படி விட்டிருக்கிறார்கள். கல்தச்சனுக்கு எத்தனை மடங்கு வேலை! உயர்ந்த கூர்நுனித் தூண்களும் உண்டு. சுவருக்கு அப்பால் வீடுகள், உலரும் துணி, ஆட்டுக்குட்டியின் சத்தம். முக்காலி வைத்துப் படம் எடுக்க முன் அனுமதி வேண்டும் என்பதால் கையில் பிடித்தபடியே எடுத்தேன். காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரையில் வெயிலோடு வெயிலாக நின்று எடுத்தவற்றில் ஒன்பது படங்களைத் தேர்ந்து, கறுப்பு வெள்ளையில் அச்சுப்போட்டு, மேஜைமேல் பரப்பிவிட்டு, சட்டப்படி வாயை மூடிக்கொண்டேன்.

என்ஜினீயர்தான் ஆரம்பித்தார். "வாசல் மேலே போகப் போகக் குறுகுது. காமிராவை அண்ணாந்து பிடிச்சிருக்கீங்க. இன்னும் பத்தடி பின்னால போயிருந்தா நேரா நின்னிருக்கும்." அவர் சொன்னது கணக்குப்படி சரி. பத்தடி பின்னால் போனால் ஒரு மோட்டார் சைக்கிளும் மீன் கூடையும் படத்துக்குள் வரும். அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. "வந்தால் என்ன?" என்று, நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சரித்திர அம்மாள் முணுமுணுத்தது ஆச்சரியம்தான்.

தூண்களின் பின்னால் வானம் வெறும் வெள்ளையாக விழுந்திருப்பது வங்கி நண்பருக்குப் பிடிக்கவில்லை. இது புகைப்படக் கலை தோன்றின நாளிலிருந்து இருக்கிற தொல்லை. 1850-களின் பிற்பகுதியில் சென்னை ராஜதானிக்கு சர்க்கார் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தவர். வெறும் வானத்தைச் சகிக்க முடியாமல் நெகடிவிலேயே கையால் மேகம் தீட்டிச் சேர்த்ததுண்டு. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் மேகம் ஒட்டுகிறவர்களைத் திட்டுகிற பெரிய மனிதர்களுக்கு இதைச் சொல்லிவைக்கலாம். டிரைப்பின் படங்களில் இன்னொன்றும் உண்டு. மூடியை வெகுநேரம் திறந்துவைக்க வேண்டிய காலம் அது. கோபுரம் பதியும், எதிரே நடந்துபோனவன் பதியமாட்டான். பார்க்கிறவருக்கு ஊரே காலியாக இருந்ததுபோலத் தோன்றும்.

"இந்தப் படங்களும் அப்படித்தான் இருக்கு" என்றார் சரித்திர அம்மாள். "காலியா இருக்கு. நான் இந்த ஊரைப் பத்தி வகுப்பிலே சொல்றப்போ இந்தக் கல்லறையைச் சொல்றது கடைசியிலேதான். பஞ்ச காலத்திலே இந்தக் கரையிலே ஜனங்க தங்களையும் பிள்ளைகளையும் வித்தாங்க. கம்பெனி வாங்கி, பட்டேவியாவுக்குக் கப்பல் ஏத்திச்சு. இப்போ ஜகார்த்தாங்கிறோமே, அந்த ஊர்தான். பழவேற்காடு அந்த வியாபாரத்துக்கு முக்கியமான துறைமுகம். இந்தப் படங்களைப் பார்த்தா அந்த ஊருக்கு வந்தவங்களெல்லாம் கேடயமும் கிரீடமும் வெச்சவங்கதான்னு தோணும்."

எனக்குச் சுருக்கென்றது. கல்லறையைப் படம் எடுக்கப் போனவனிடம், கல்லறை இல்லாதவர்களின் படம் எங்கே என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? பந்தியில் உட்கார்ந்தவனிடம் பசித்தவர்களின் கணக்கைக் கேட்கிற மாதிரி இருந்தது. ஆனால் பந்தியில் உட்கார்ந்தவனிடம் அதைக் கேட்கக் கூடாது என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

பெரியவர் அதுவரை ஒரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கேடயச் சின்னம் உள்ள பலகை அது. ஒன்பதில் எனக்கு மிகவும் பிடித்தது. கேடயம், அதன்மேல் தலைக்கவசம், இரு பக்கமும் இலைச் சுருள்கள். சட்டத்துக்குள் அம்சமாக உட்கார்ந்திருந்தது.

"தம்பி, கல்லு இங்கே முடியலையே?" என்றார்.

படத்தின் கீழ் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே ஒரு வரி எழுத்தின் தலைகள் மட்டும், தண்ணீருக்கு மேலே தெரிகிற பாறைகள்போல, அரை அங்குலம் தெரிந்தன.

"இது யாரு?"

மற்றவர்கள் சின்னத்தின் அழகைப் பேசினார்கள். பெரியவர் அதற்குள் போகவே இல்லை. அவர் சொன்ன இரண்டாவது விஷயமும் விசித்திரமாக இருந்தது. "எல்லாத்தையும் நின்னுக்கிட்டே எடுத்திருக்கீங்க. படுத்திருக்கிறவங்களை நின்னுக்கிட்டு எடுத்தா, எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும்."

அதை அவர் எந்த அனுபவத்திலிருந்து சொன்னார் என்பதைக் காபி வந்த பிறகுதான் விசாரித்து அறிந்தோம். சின்ன ஊர் ஸ்டூடியோவுக்கு அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு அடுத்தபடியாக வருமானம் சாவு வீட்டில்தான். உயிரோடு இருந்தவரையில் படமே எடுத்துக்கொள்ளாதவர்கள் அநேகம். போன பிறகு, 'ஐயோ, முகம் மறந்துவிடுமே' என்று ஆள் அனுப்புவார்கள். விளக்கு, முக்காலி எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓடுவார். போனவரை நாற்காலியில் உட்கார்த்தி, நெற்றியில் விபூதி பூசி, மாலை போட்டு, இரு பக்கமும் குடும்பம் நிற்கும். குழந்தையானால் தாயார் மடியில் வைத்துக்கொள்வாள். "மடியிலே இருக்கிறதை எடுக்கணும்னா முட்டி போட்டுத்தான் எடுக்கணும், தம்பி. நின்னா அம்மா தலைதான் தெரியும்" என்றார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

என்ஜினீயருக்கு இதில் சம்மதமில்லை. கிடக்கிற பலகையைத் தாழ இருந்து எடுத்தால் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று நசுங்கிப் படிக்க முடியாமல் போகும். நேர் மேலே இருந்து எடுத்தால்தான் ஆவணத்துக்கு ஆகும் என்பது அவர் கட்சி. இரண்டு கட்சியிலும் நியாயம் இருந்தது. கடைசியில் எனக்குப் பேச முறை வந்தபோது, சொல்ல வைத்திருந்த சமாதானங்கள் அத்தனையும் எனக்கே சுவாரசியமில்லாமல் போய்விட்டன. வெயிலைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டேன்.

"உச்சி வெயில் கிடக்கிற கல்லுக்கு ஆகாது. பக்கத்திலேர்ந்து வர்ற வெளிச்சம் வேணும். வீட்டிலே முகம் பார்க்கிற கண்ணாடி இருக்கும்ல? எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் பெரியவர்.

பதினைந்து நாள் கழித்து, விடியற்காலை முதல் ரயிலில் மறுபடியும் போனேன். மடியில் காமிராப் பை. பையில் செய்தித்தாளில் சுற்றிய முகக்கண்ணாடி. வீட்டுக் கண்ணாடியை நான் கழற்றியதைப் பார்த்து என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. எழுத்தாளனுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் சில கேள்விகளை நாளடைவில் விட்டுவிடுகிறார்கள்.

காலை வெளிச்சத்தில் அந்த இடம் முற்றிலும் வேறாக இருந்தது. முதல் தடவை மொழுக்கென்று தெரிந்த பலகைகளில் எழுத்துகள், எறும்புப் புற்றில் மண் தள்ளின மாதிரி, ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. கேடயக் கல்லின் மேல் பாதியில் வெயில் இருந்தது. கீழ்ப் பாதி பக்கத்து மேடையின் நிழலில் கிடந்தது. காவலாளி கண்ணாடியை வாங்கிக்கொண்டார். எங்கே நின்று எப்படிச் சாய்த்தால் வெளிச்சம் கல்லின்மேல் தவழ்ந்துகொண்டு போகும் என்பதை நான் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். "சில பேர் சாக்பீஸ் கொண்டாந்து எழுத்து மேலே தேய்க்கிறாங்க. நான் விடறதில்லை" என்றார். சரியான காரியம். சாக்குக்கட்டியோ கரியோ தேய்த்து எழுத்தைக் கிளப்பினால் இன்றைக்குப் படிக்கலாம். நாளாவட்டத்தில் கல் பாழாகும். கண்ணாடி வெளிச்சம் கல்லைத் தொட்டுவிட்டுத் தடம் இல்லாமல் போய்விடும்.

எனக்கு டச்சு தெரியாது. சரித்திர அம்மாள் ஒரு சீட்டில் மூன்று சொற்களை எழுதிக் கொடுத்திருந்தார். யாரன், மாண்டன், டாஹன். வருஷம், மாதம், நாள். மேலே கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவரின் பெயர். அடுத்து அவர் மனைவியின் பெயர். அவற்றின் கீழே, பலகையின் அடி விளிம்பை ஒட்டி, இன்னும் சின்ன எழுத்தில் மூன்றாவது பெயர் ஒன்று. அதற்கும் ஒரு தேதி உண்டு. தேதிக்கு அப்புறம் வயது. வருஷம் இத்தனை, மாதம் இத்தனை, நாள் இத்தனை என்று மூன்று எண்கள். மூன்றையும் கூட்டினாலும் ஒன்றரை வயது நிரம்பவில்லை.

பெரியவர்களின் வயதை வருஷத்தோடு நிறுத்திக்கொண்ட கல், குழந்தைக்கு மட்டும் நாள் வரைக்கும் கணக்குப் பார்த்திருந்தது. தச்சனுக்குக் கூலி எழுத்துக்கு எழுத்து கூடும். ஆனாலும் நாளை விட யாருக்கோ மனம் வரவில்லை.

என் அம்மாவுக்கு நான் முதல் குழந்தை அல்ல. எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து, பிறகு தங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். ஆற்றங்கரையில் ஏதோ ஓர் இடம். அப்பாவும் தாத்தாவும் போனார்கள். பெண்கள் போகிற வழக்கமில்லை. ஆகையால் எந்த இடம் என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்த இருவரும் இப்போது இல்லை. படமும் கிடையாது. ஒரு வயது நிறைந்து முடி இறக்கின பிறகு ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று இருந்தார்களாம். "பதினோரு மாசம், நாலு நாள்" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். ஆவணி மாதம் பிறந்தால், யாரும் கேட்காமலே, 'இருந்தால் இந்த வருஷம் இத்தனை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்குச் சுவர்தான் இடுகாடு. சட்டம் போட்ட படங்கள், பிளாஸ்டிக் மாலை, சின்ன மின்சார விளக்கு. அந்த வரிசையில் அவளுக்கு இடம் இல்லை; அம்மாவின் வாயில் மட்டும் ஒரு கணக்காக இருக்கிறாள்.

மேடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன் என்று காவலாளி கை வலித்துக் கண்ணாடியை இறக்கியபோதுதான் தெரிந்தது. பிறகு, நேர் மேலே இருந்து படிப்பதற்காக ஒரு படமும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கல்லின் கீழ்ப் பாதியை மட்டும் ஒரு படமும் எடுத்தேன். இரண்டாவது படத்தில் கேடயம் வரவில்லை.

திரும்புவதற்கு முன் ஏரிக்கரைக்கும் போனேன். சரித்திர அம்மாள் கேட்ட கேள்வி கூடவே நடந்து வந்தது. படகுகள் மீனுக்குப் போய்விட்டிருந்தன. கரையில் யாரும் இல்லை. சலனமில்லாத தண்ணீர், அதற்கு அப்பால் ஒரு மெல்லிய மணல் கோடு, அதற்கும் அப்பால் கடல். அந்தப் பக்கமாகத்தான் கப்பல்கள் நின்றிருக்க வேண்டும். வெறும் தண்ணீரை எடுத்தேன்.

அடுத்த கூட்டத்தில் மூன்று படங்களையும் வைத்தேன்.

ஏரிப் படத்தை எல்லோரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். "அமைதியா இருக்கு" என்றார் வங்கி நண்பர். "ஒரு கொக்குகூட இல்லையே!" என்று நர்ஸ் நிஜமாகவே வருத்தப்பட்டார். அடிவானம் நூல் பிடித்தாற்போல் இருப்பதை என்ஜினீயர் பாராட்டினார். என்னிடமிருந்து அவர் பெற்ற முதல் நேர்க்கோடு அதுதான் என்று நினைக்கிறேன். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தேன். சரித்திர அம்மாள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது கப்பல் போன வழி" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்தது படத்திலிருந்து அல்ல, முன் கூட்டத்தின் பேச்சிலிருந்து.

அதன்மேல் அரை மணி நேரம் விவாதம் நடந்தது. படத்தின் அடியில் ஒரு வரி எழுதிவிட்டால் போதுமே என்றார் வங்கி நண்பர். எழுதினால்தான் விளங்கும் என்றால் அது படத்தின் தோல்வி என்றார் என்ஜினீயர். கல்லறைப் பலகையும் எழுதினால்தானே விளங்குகிறது, எழுத்தில்லாத கல்லைத் துணி துவைக்க எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்றார் நர்ஸ். அன்றைக்குப் பேசினதிலெல்லாம் இதுவே எனக்கு மிகவும் பிடித்தது. எழுத்தைத் தொழிலாகக் கொண்டவனுக்கு ஒரு வரி எழுதுவதில் வெட்கமில்லை என்பதால் நான் வங்கி நண்பரின் கட்சி. சரித்திர அம்மாளுக்கு அதுவும் போதவில்லை. "தண்ணியிலே அவங்களைத் தேடறதைவிட, அந்த ஊர்லே இன்னிக்கு இருக்கிறவங்க முகத்திலே தேடலாம். ஓலை முடையறவங்க இருக்காங்களே" என்றார். அது இன்னும் செய்யப்படாமல் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரின் முகத்துக்கு நேரே காமிராவைத் தூக்க எனக்குக் கை வருவதில்லை. கல் ஆட்சேபிக்காது.

பிறகு கல்லின் கீழ்ப் பாதி பெரியவர் கைக்குப் போயிற்று. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இந்தத் தடவை உட்கார்ந்து எடுத்திருக்காரு" என்று பொதுவாகச் சபைக்குச் சொன்னார். அந்தப் படத்தைப் பற்றி அவர் சொன்ன விமர்சனம் அவ்வளவுதான். வலது ஓரத்தில் கண்ணாடி வெளிச்சம் அதிகமாகி ஓரிடத்தில் எழுத்து வெளுத்திருப்பதை என்ஜினீயர் காட்டினார். அச்சில் அதைக் கொஞ்சம் அடக்கலாம் என்று வழியும் சொன்னார். அவர் சொன்னபடியே பிறகு செய்தேன்; நன்றாகவே வந்தது.

சரித்திர அம்மாள் மூன்று எண்களையும் படித்தார். அவர் குரல் சற்று இறங்கிற்று. "நாள் வரைக்கும் எழுதியிருக்காங்க. கப்பலில் ஏத்தினவங்களுக்குத் தலைக் கணக்கு எழுதினாங்க. இத்தனை தலைன்னு. அதிலேயும் இந்த வயசுப் பிள்ளைங்க இருந்திருக்கும்." யாரும் பதில் சொல்லவில்லை. தெருவில் இளநீர் வண்டிக்காரன் போகிற சத்தம் கேட்டது.

பெரியவர் படத்தைத் திருப்பி, பின்பக்கத்தை மேலாக வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "தோற்றம், மறைவு ரெண்டும் சொல்லுங்க" என்றார். நாற்பது வருஷப் பழக்கம். சாவு வீட்டுப் படத்தைச் சட்டம் போட அனுப்புவதற்கு முன்னால் இரண்டு தேதியும் பின்பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தின் அடியில் எழுதுகிறவன் எதையாவது எழுதிவிடுவான்.

மறைவு கல்லில் இருந்தது. தோற்றம் இல்லை. ஆனால் வயது நாள் கணக்கோடு இருப்பதால் கழித்துவிட்டால் வந்துவிடும் என்றார் வங்கி நண்பர். உற்சாகமாகக் காகிதத்தை இழுத்துக்கொண்டார். நாளிலிருந்து நாளைக் கழிக்க முடியவில்லை. மாதத்திலிருந்து கடன் வாங்க வேண்டும். குழந்தை போனது மார்ச் மாதம். ஆகையால் கடன் பெப்ரவரியிடம். "பெப்ரவரிக்கு எத்தனை நாள்? அது லீப் வருஷமா?" என்று கேட்டார். ஆண்டின் கடைசி எண் தேய்ந்துபோயிருந்தது. ஆறு என்று என்ஜினீயர் சொன்னார். எட்டு என்று நர்ஸ் சொன்னார். நேர் மேலே இருந்து எடுத்த படத்தையும் ஜன்னலருகே கொண்டுபோய், லென்ஸை வைத்து எல்லோரும் முறை போட்டுப் பார்த்தோம். இரண்டில் ஒன்று லீப் வருஷம், மற்றது இல்லை. ஒரே ஒரு நாள் வித்தியாசம். வருஷத்தை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் போட்டாலும் அந்த ஒரு நாள் இடிக்கிறது என்றார் வங்கி நண்பர்.

பெரியவர் பென்சிலைக் காகிதத்திலிருந்து எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

"ஆறுன்னா இருபத்தெட்டா, எட்டுன்னா இருபத்தெட்டா, அதைச் சொல்லுங்க முதல்லே" என்றார்.